எழுத்தாணியிலிருந்து திரைக்கு: பழந்திறனும் புதுக்கருவியும்

திருகோணமலை நகரை அடுத்துள்ள குடியிருப்புக்களுள் ஒன்று அன்புவழிபுரம். அன்பு, வழி, புரம் என்னும் மூன்று சொற்களால் ஆகிய அப்பெயரை எழுத்தெண்ணிப் பார்ப்பின் எட்டு எழுத்துக்கள் உள. இலக்கணம் கற்ற மாணவன் எவனும் எட்டு என்றே கூறுவான். ஆயின், அப்பெயரை எழுதும் கருவிகள் தம்முள் ஒத்துப்போவதில்லை. ஈய எழுத்துக்களைக் கோத்த அச்சுத் தொழிலாளிக்கு அது எட்டுத் துண்டுகளாக இருந்தது. தட்டெழுத்தாளருக்குப் பதினொரு தட்டுக்களாயிற்று. இன்றைய கணினியின் நினைவகத்தில் அதுவே பதின்மூன்று குறிகளாக நிற்கின்றது. எட்டு, பதினொன்று, பதின்மூன்று என்னும் இம்மூன்று எண்களுக்கிடையே தமிழ் எழுத்துக்கலையின் நானூறு ஆண்டு வரலாறு அடங்கிக் கிடக்கின்றது எனின் அது மிகையாகாது.

கருவி மாறுந்தோறும் அதனைக் கையாள்வோர் எவ்வாறு கற்றனர் என்பதே ஈண்டு ஆராயத்தக்க வினா. ஒவ்வொரு புதிய கருவியும் முன்னைய கலையை முற்றாக அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கிற்று எனப் பலர் எண்ணுவர். வரலாறு அவ்வாறு கூறவில்லை. புதிய கருவியை முதலிற் பயின்றவர்கள் பெரும்பாலும் பழைய கருவியில் கைதேர்ந்தவர்களே. பழைய திறனே அவர்களுக்குப் புதியதைக் கற்பித்தது. எனினும், அத்திறனோடு பழைய கருவியின் தளைகளும் உடன் சென்றன. திறன் எது, தளை எது எனப் பிரித்தறிந்தவர்கள் வென்றனர். அறியாதவிடத்து அதன் இழப்பைப் பின்வந்தோர் சுமக்க நேர்ந்தது.

ஏடெழுதியவனிடமிருந்து தொடங்குதல் பொருத்தமாகும். பதப்படுத்திய பனையோலையை இடக்கையிற் பிடித்து, எழுத்தாணியை வலக்கையில் ஏந்தி எழுதுவது பண்டைய வழக்கம். வலக்கை எழுத்தைக் கீற, இடக்கை ஓலையை மெல்ல நகர்த்திக் கொடுக்கும். எழுதுதல் என்பது இரு கைகளும் ஒத்திசைந்து செய்யும் தொழிலாக இருந்தது. ஓலையின் நார் நீளவாட்டில் ஓடுவதால், அதன்வழியே நேர்கோடு அழுந்தக் கீறினால் ஓலை பிளக்கும். ஆகவே எழுத்து வளைந்தது. புள்ளி குத்தினால் ஓலை துளைபடும். ஆகவே புள்ளி விடப்பட்டது. அன்புவழிபுரம் என்பதனை ஏடெழுதுவோன் 'அனபுவழிபுரம' என்றே எழுதியிருப்பான். எது மெய், எது உயிர்மெய் என்பதைப் படிப்பவன் பொருளறிந்து உணர்ந்துகொண்டான். திருகோணமலை என்பதிலோ வேறொரு இடர் உண்டு. ஏட்டில் அரவும் ரகரமும் ஒரே வடிவின. ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் வேறுபடா. எனவே 'கோ' என்பது 'கொ' என்றும் 'கெர' என்றும் மயங்குதற்கு இடமிருந்தது. எகர ஏகார, ஒகர ஓகார வேறுபாட்டை வடிவிலே நிலைநாட்டியவர் பதினெட்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த வீரமாமுனிவர். இவ்வளவு மயக்கத்திற்கு நடுவிலும் ஏடு பிழையறப் படிக்கப்பட்டதாயின், அத்திறன் கண்ணில் மட்டும் இருந்ததன்று, மொழியறிவில் இருந்தது.

ஏட்டிலிருந்து அச்சுக்குத் தமிழ் எழுத்தை முதலிற் கொண்டுசென்றவர் யார் என வினவினால் விடை வியப்புத் தருவது. அவர் புலவரும் அல்லர், ஏடெழுதுவோரும் அல்லர். இரும்புத் தொழில் அறிந்தவர். சுவாம் கொன்சால்வெஸ் என்னும் இசுப்பானியச் சேசுசபைத் தொண்டர் 1577 ஆம் ஆண்டு கோவாவிலே தமிழ் எழுத்துக்களை வார்த்தார். அவை போதிய செம்மையுடையனவாக அமையாமையால் 1578 இல் கொல்லத்திலே மீண்டும் எழுத்துக்கள் வார்க்கப்பட்டன. அவ்வாண்டு அன்றிக் அன்றீக்கெசு அடிகளாரின் 'தம்பிரான் வணக்கம்' பதினாறு பக்கங்களில் அங்கு வெளிவந்தது. உலோகத்தை உருக்குதலும், அச்சுக்குழியை வெட்டுதலும், வார்ப்பைச் செதுக்குதலும் கருமானுக்குப் பழகிய வேலைகள். எழுத்தின் அளவும் நெளிவும் மட்டுமே அவனுக்குப் புதியன.

இலங்கையிலும் இதற்கொத்த நிகழ்ச்சியொன்று உண்டு. ஒல்லாந்தர் கொழும்பில் நிறுவிய அச்சகத்துக்குச் சிங்கள எழுத்துக்களை வெட்டிக்கொடுத்தவர் கேப்ரியல் ஷாடே என்பவர். அவர் கம்பனியின் ஆயுதக் களஞ்சியத்துக்குப் பொறுப்பாயிருந்தவர். 1737 இல் அவ்வெழுத்துக்களால் முதற் சிங்கள நூல் அச்சேறிற்று. துவக்கைத் திருத்திய கை எழுத்தைத் திருத்திற்று.

ஆனால் உலோகத் திறன் மட்டும் போதாது என்பதற்குத் தரங்கம்பாடி சான்று. சீகன்பால்குவின் அச்சகத்துக்காகச் செருமனியின் ஹாலே நகரில் வெட்டப்பட்ட தமிழ் எழுத்துக்கள் 1713 இல் வந்து சேர்ந்தன. தமிழ் அறியாத கைவினைஞர் வெட்டிய அவை அளவிற் பெரியனவாயிருந்தன. அவற்றால் நூல் அச்சிடின் தாள் கட்டுப்படியாகாது. ஆதலால் தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்துக்களை வார்க்கத் துணிந்தனர். ஈயத்துக்கு எங்கே போவது? இங்கிலாந்திலிருந்து வந்த செசயர்ப் பாற்கட்டியைச் சுற்றியிருந்த ஈய உறைகள் உருக்கப்பட்டன என்பது அச்சு வரலாற்றில் நன்கறியப்பட்ட செய்தி. 1715 இல் புதிய ஏற்பாடு முற்றுப்பெற்றது. ஹாலேயில் உலோகக்கலை உயர்ந்திருந்தது. தரங்கம்பாடியில் எழுத்தை அன்றாடம் எழுதும் கண்கள் அருகே இருந்தன. இரண்டும் ஓரிடத்திற் கூடியபோதே எழுத்து சீர்ப்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் சென்னை அமெரிக்க மிசன் அச்சகத்திலே பி. ஆர். ஹண்ட் உருவாக்கிய எழுத்துக்களில் அச்செழிலின் உச்சத்தைக் காணலாம். யாழ்ப்பாணத்தில் நெடுங்காலம் பணியாற்றிய உவின்சிலோ தொகுத்த தமிழ் – ஆங்கில அகராதி 1862 இல் அவ்வச்சகத்திலிருந்தே வெளிவந்தது.

அச்சுக்கருவியைத் தமிழர் தம் கைக்குக் கொண்டமைக்கு ஆறுமுகநாவலர் சிறந்த எடுத்துக்காட்டு. பேர்சிவல் பாதிரியாரோடு விவிலிய மொழிபெயர்ப்பில் உழைத்த காலத்திலே அச்சுத் தொழிலின் இயல்பை அவர் அறிந்திருந்தார். 1849 இல் சென்னையிலிருந்து அச்சியந்திரம் கொணர்ந்து வண்ணார்பண்ணையில் அச்சகம் நிறுவினார். ஏடுகளை ஒப்புநோக்கிப் பாடம் தெளியும் பழந்திறன் அவரிடம் அச்சுப்பிழை திருத்தும் திறனாக மாறிற்று. நாவலர் பதிப்பு என்றாலே பிழையற்ற பதிப்பு என்னும் பெயர் எழுந்தமைக்கு அவர் இயந்திரத்தைக் கற்றது மட்டும் காரணமன்று. ஏட்டுக் கல்வியை இயந்திரத்துக்குள் எடுத்துச் சென்றதே காரணம்.

திருகோணமலையும் இவ்வரலாற்றிற்குப் புறம்பானதன்று. இங்கு பிறந்த தி. த. சரவணமுத்துப்பிள்ளை சென்னையிற் சுவடி நூலகத்திலே பணியாற்றியவர். ஏடுகளின் நடுவே வாழ்ந்த அவர் 1895 இல் 'மோகனாங்கி' என்னும் வரலாற்று நாவலை அச்சிற் கொணர்ந்தார். அவர்தம் உடன்பிறந்தார் தி. த. கனகசுந்தரம்பிள்ளையும் பதிப்புத் துறையில் உழைத்தவர். ஏட்டையும் அச்சையும் ஒருங்கே அறிந்த தலைமுறை அது.

இனி, அச்சுக்கோப்பாளரை நோக்குவோம். 247 எழுத்துக்களுக்கும் 247 துண்டுகள் வேண்டுமோ எனின், வேண்டா. உயிர் 12, ஆய்தம் 1, மெய் 18, அகர உயிர்மெய் 18, இகர ஈகார உகர ஊகார வரிசைகள் 72 என 121 வடிவங்கள் தனித்தனியே தேவை. அரவு, ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, ஐகாரக்கொம்பு ஆகிய நான்கையும் தனித்துண்டுகளாக வார்த்தால் மற்றை வரிசைகள் அவற்றால் அமைந்துவிடும். பழைய முறையில் ணா, றா, னா என்னும் மூன்றும், ணை, லை, ளை, னை என்னும் நான்கும் தனி வடிவம் பெற்றமையால் அவற்றையும் கூட்டினால் 132 ஆகும். கிரந்த எழுத்துக்களும் எண்களும் நிறுத்தக்குறிகளும் இவற்றின் வேறானவை.

இத்தனை அறைகளையும் நினைவில் இருத்தி, பெட்டியைப் பாராமலே கையை நீட்டித் துண்டை எடுத்து, தலைகீழாகவும் இடவலம் மாறியும் நிற்கும் எழுத்தைப் படித்துக்கொண்டே கோப்பது எளிய கலையன்று. அடிக்கடி வரும் எழுத்து கைக்கு அண்மையிலும் அருகி வரும் எழுத்து சேய்மையிலும் வைக்கப்பட்டன. மனிதனுக்கும் பொறிக்கும் இடையே நிற்கும் முகத்தை இன்று இடைமுகம் என்கின்றனர். அவ்வாறாயின் அச்சகத்து எழுத்துப்பெட்டியும் ஓர் இடைமுகமே. அதனை வடிவமைத்தவர் பெயரை எவரும் எழுதி வைக்கவில்லை.

தட்டெழுத்துப் பொறியின் வரவோடு இடர் வேறு வகையாயிற்று. அப்பொறியே பழந்திறன்களின் கூட்டுறவாற் பிறந்தது என்பதை முதலிற் குறிப்பிடுதல் வேண்டும். அமெரிக்கரான சோல்ஸ் 1860-களின் இறுதியிற் செய்து பார்த்த தொடக்கநிலைப் பொறியின் விசைகள் பியானோக் கட்டைகள்போல் அமைந்திருந்தன. 1874 இல் அதனை விற்பனைக்குக் கொணர்ந்த ரெமிங்டன் நிறுவனம் தையற்பொறியும் செய்த நிறுவனம். ஆகவே அத்தட்டெழுத்துப் பொறி பூவேலைப்பாடு கொண்டதாயும், காலால் மிதித்து வண்டியைத் திருப்புவதாயும் வந்தது. தையற்பொறி செய்தவனுக்குத் தட்டெழுத்துப் பொறியும் தையற்பொறியாகவே தோன்றிற்றுப் போலும். பூவேலையும் மிதிபலகையும் பின்னர் உதிர்ந்தன. விசையைத் தட்டினால் எழுத்து விழும் என்னும் உட்கருத்து நின்றது.

ஆங்கிலத்துக்கு இருபத்தாறு எழுத்துக்கள். பொறியில் ஏறத்தாழ 45 விசைகள்; மேல்விசையை அழுத்தின் ஒவ்வொன்றும் இரண்டு வடிவந்தரும்; ஆக ஏறத்தாழ 90. இத்தொண்ணூற்றுக்குள் 132 வடிவங்களையும் எண்களையும் நிறுத்தக்குறிகளையும் எங்ஙனம் அடக்குவது?

இவ்வினாவுக்கு விடை கண்டவர் தமிழ்த் தட்டெழுத்தின் தந்தை எனப் போற்றப்படும் ஆர். முத்தையா. யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியில் 1886 இல் பிறந்து, 1907 இல் மலாயா சென்று, பின்னர்ச் சிங்கப்பூரில் வணிக நிறுவனமொன்றிலே தலைமை எழுதுவினைஞராகப் பணியாற்றியவர் அவர். அவர் பொறியியலாளர் அல்லர். ஆங்கிலத் தட்டெழுத்தும் சுருக்கெழுத்தும் வணிகக் கணக்கும் பயின்ற எழுதுவினைஞர். தமிழ்ப் பொறிக்கான சிந்தனை அவருக்கு இப்பயிற்சியிலிருந்தே முளைத்தது. எந்த விரல் எவ்விடம் செல்லும், எவ்விசை களைப்புத் தரும், வண்டி எப்போது நகரும் என்பனவெல்லாம் அலுவலகத்தில் நாள்தோறும் ஆங்கிலக் கடிதம் அடித்தவரின் விரல்கள் அறிந்தவை.

அவர் செய்த முதற்செயல் எழுத்தைப் பகுத்தலாகும். மெய் வரிசை பதினெட்டுக்கும் பொதுவானது புள்ளி. இகர வரிசைக்கு ஒரு விசிறி. ஈகார வரிசைக்குச் சுழிவிசிறி. இம்மூன்றையும் தனியே பிரித்தெடுத்தால், ஐம்பத்துநான்கு வடிவங்கள் மூன்று குறிகளுள் அடங்கிவிடுகின்றன. 'டி', 'டீ' ஆகிய இரண்டும் மட்டும் இதற்கு இணங்காது தனியிடம் கேட்டன. எஞ்சுவன எண்பத்துச் சொச்சம். ஊகார வரிசையிற் சிலவற்றையும் குறி சேர்த்து அடித்துக்கொள்ளலாம். உகரத்தின் ஒழுங்கு இன்னும் நயமானது. தமிழ்த் தட்டெழுத்துப் பொறியில் ககர விசையை மேல்விசையோடு அழுத்தின் 'கு'. பகர விசையை அழுத்தின் 'பு'. தாயும் சேயும் ஒரே விசையில் இருப்பதால் மனத்திற் பதிய வைப்பது எளிதாயிற்று.

பகுத்தால் மட்டும் போதுமா? விசையைத் தட்டியதும் வண்டி ஓரடி நகர்வது பொறியின் இயல்பு. விசிறியை ஒருமுறையும் ழகரத்தை ஒருமுறையும் தட்டினால் இரண்டும் வெவ்வேறிடத்திற் பிரிந்து நிற்கும். 'ழி' என்னும் எழுத்து பிறவாது. இதற்கு முத்தையா அமைத்ததே நகரா விசை. அதனைத் தட்டும்போது குறி தாளில் விழும்; வண்டியோ அசையாது. அடுத்த விசை அதே இடத்தில் விழுந்து எழுத்தை நிறைவாக்கிய பின்னரே வண்டி நகரும். ஐரோப்பிய மொழிகளின் அழுத்தக்குறிகளுக்கு இவ்வுத்தி முன்னரே பயன்பட்டதுண்டு. அங்கே அது சில எழுத்துக்களுக்கான ஒரு வசதி. தமிழிலோ எழுத்து முறையையே தாங்கும் தூணாயிற்று. அன்புவழிபுரம் என்பதில் 'ன்', 'ழி', 'ம்' ஆகிய மூன்றும் இவ்விரண்டு தட்டுக்கள் வேண்டுவன. ஏனைய ஐந்தும் ஒவ்வொன்று. ஆகவேதான் எட்டு பதினொன்றாயிற்று.

இப்பொறி செருமனியின் திரெசுடன் நகரத்துச் சைடல் – நௌமான் நிறுவனத்தாற் செய்விக்கப்பட்டது. 'ஸ்ராண்டட்' என்னும் பெரிய பொறியும், 'பிஜூ' என்னும் சிறிய பொறியும் இரு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட காலத்திலே தமிழ் வழங்கும் நாடுகளிற் பரவின. சுண்டிக்குளியிற் பிறந்தவரின் கணக்கு, சிங்கப்பூர் அலுவலகத்தின் பழக்கம், திரெசுடன் ஆலையின் உருக்கு என்னும் மூன்றும் ஒரு பொறியிற் கூடின என்பது கருதத்தக்கது.

பொறியின் குறையையும் மறைத்தல் ஆகாது. எல்லா எழுத்துக்கும் ஒரே அளவு இடமே கிடைத்தமையால் ரகரம் அகன்றும் ணகரம் நெருங்கியும் நின்றன. விசிறி எல்லா எழுத்தின்மீதும் ஒரே இடத்தில் விழுந்தமையால் சிலவற்றைத் தொட்டும் சிலவற்றைத் தொடாமலும் நின்றது. ஹண்டின் எழுத்தைக் கண்ட கண்ணுக்கு இது குறையே. மேலும், நகரா விசையாகிய புள்ளியை முன்னும் மெய்யைப் பின்னும் அடிக்கும் வழக்கம் விரலில் ஏறிற்று. எழுதும்போது மெய்யெழுதிப் புள்ளியிடும் அதே மனிதர், பொறியின்முன் அமர்ந்ததும் புள்ளியிட்டு மெய்யெழுதினார். இது பொறி இட்ட தளை, எழுத்தின் இயல்பன்று. ஆனால் பத்தாண்டு பழகியவருக்கு இரண்டும் ஒன்றாகவே தோன்றின.

இலங்கையில் இத்திறனுக்கு அரசியற் பெறுமதியும் ஏற்பட்டது. 1956 இல் சிங்களம் மட்டும் அரசகரும மொழியாக்கப்பட்டது. தமிழ்மொழி விசேட ஏற்பாடுகள் சட்டம் 1958 இலும் அதன் ஒழுங்குவிதிகள் 1966 இலும் வந்தன. 1987 இல் பதின்மூன்றாம் திருத்தத்தின் வழி தமிழும் அரசகரும மொழியாயிற்று. சட்டத்தில் மொழி இருப்பது ஒன்று. அலுவலக மேசையில் அம்மொழியின் பொறியும் அதனை அடிக்க வல்ல விரலும் இருப்பது வேறொன்று. தமிழில் எழுதிய கடிதத்துக்குத் தமிழில் விடை கிடைப்பது ஈற்றில் ஒரு தட்டெழுத்தாளரின் கையிலேயே தங்கியிருந்தது. 1988 இல் வடக்கு – கிழக்கு மாகாணசபையின் தலைமையிடமாகவும், அவ்விணைப்பு நீங்கிய பின் கிழக்கு மாகாண நிர்வாகத்தின் தலைமையிடமாகவும் விளங்கும் திருகோணமலையில் இவ்வுண்மையை விளக்க வேண்டிய தேவையில்லை.

கணினித்திரையில் உருவங்களை அமைக்கும் கலை தோன்றியபோதும் பழந்திறனே வழிகாட்டிற்று. 1984 இல் வெளிவந்த மக்கின்தோசுக் கணினியின் சின்னங்களையும் எழுத்துக்கள் பலவற்றையும் வரைந்தவர் சூசன் கேர் என்னும் பெண்மணி. அவர் கணினி கற்றவர் அல்லர், நுண்கலை கற்றவர். கட்டம் கீறிய தாளில் முப்பத்திரண்டுக்கு முப்பத்திரண்டு எனக் கட்டங்களை நிரப்பி அவர் சின்னங்களை அமைத்தார். பதிகல் ஓவியமும் ஊசித் தையலும் இதனையொத்த கலைகளே என அவர் கண்டார். தமிழ் முற்றங்களில் புள்ளியிட்டுக் கோலம் போட்ட பெண்களுக்கும் இத்திரை அத்துணை அந்நியமாக இருந்திராது, கேட்டவர்தாம் இல்லை.

அடுத்த ஆண்டு, 1985 இல், பேஜ்மேக்கர் என்னும் பக்க அமைப்பு மென்பொருள் வந்தது. அதனைத் தோற்றுவித்த போல் பிரெய்னர்ட் பத்திரிகைத் தொழிலிலிருந்து வந்தவர். அச்சகத்து மேசையில் பத்திகளை வெட்டி ஒட்டிப் பக்கம் அமைத்த முறையையே அவர் திரையில் விரித்துவைத்தார். பக்கத்தைச் சூழ்ந்து வெற்றுப் பலகையொன்றும் தெரியும். ஒட்டுவேலை அறிந்தவர் அதனை விரைவிற் கற்றனர். இலங்கைத் தமிழ் அச்சகங்களிலும் பின்னர் இதுவே நிகழ்ந்தது. அங்கு பேஜ்மேக்கரோடு கூடவே பரவியது 'பாமினி' என்னும் எழுத்துரு.

பாமினியின் செல்வாக்குக்குக் காரணம் தெளிவு. அதன் விசைமுறை தட்டெழுத்துப் பொறியின் விசைமுறையை அடியொற்றியது. தட்டெழுத்து அறிந்தவர் கணினிமுன் அமர்ந்த அன்றே வேலை தொடங்கலாம். புதிதாகக் கற்க வேண்டியது சிறிது. பழையதை மறக்க வேண்டியது அதனிலும் சிறிது. பயிற்சி நிலையமும் பாடநூலும் அரிதாயிருந்த போர்க்காலத்தில், தமிழ்ப் பத்திரிகைகளும் நூல்களும் நினைவு மலர்களும் தடையின்றி வெளிவந்தமைக்கு இவ்வெளிமை பெரிதும் துணைநின்றது. இதனைக் குறைத்து மதிப்பிடுதல் நன்றியாகாது.

ஆயினும் பாமினி தமிழைத் தமிழாகச் சேமிக்கவில்லை. பொறியில் தகரம் இருந்த விசையில் எந்த ஆங்கில எழுத்து இருந்ததோ, அவ்வாங்கில எழுத்தையே கணினி நினைவிற் கொண்டது. அதன்மேல் தமிழ் உருவம் போர்த்தப்பட்டது. எழுத்துருவை நீக்கினால் போர்வை கழன்றுவிடும். அன்புவழிபுரம் என்னும் பெயர் அப்போது எம், டீ, அரைப்புள்ளி, பெரிய ஜீ, ரீ, ஓ, பீ, பெரிய ஜீ, யூ, கே, அரைப்புள்ளி எனப் பதினொரு குறிகளாகக் காட்சியளிக்கும். நடுவிலுள்ள 'வழி' என்பது ஆங்கிலத்தில் 'உச்சி' எனப் பொருள்படும் 'ரொப்' என்னும் சொல்லாக நிற்கும். வழியைத் தேடியவனுக்கு உச்சி கிடைக்கும்!

நகைப்புக்கிடமான இச்செய்தியின் பின்னே ஒரு துயரம் உண்டு. 1981 இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. ஏட்டையும் நூலையும் இழந்த அச்சமூகம், அதற்குப் பின் எழுதியவற்றுட் பெரும்பகுதியை, எழுத்துரு மறைந்தால் தானும் பொருளிழக்கும் வடிவிலே சேமித்து வைத்தது. தேடினால் அகப்படாத, அகர வரிசைப்படுத்த இயலாத கோப்புக்கள் அவை. ஒரு குறிமுறையை மற்றொன்றாக்கும் மாற்றிகள் உள. ஆயினும் மாற்றுவோர் கை படாத வட்டுக்களில் உள்ளவை அவ்வாறே கிடக்கின்றன. மும்மொழிப் பெயர்ப்பலகைகளில் அவ்வப்போது காணப்படும் தமிழ்ச் சிதைவுகளிற் சில இக்குறிமுறை மயக்கத்தால் விளைந்தவையே. பலகையை வெட்டிய பொறிக்கும் அதனை இயக்கியவருக்கும் தமிழ் தெரியாதபோது, கழன்ற போர்வையைக் கண்டு சொல்ல எவருமில்லை. தட்டெழுத்தாளரின் விரற்பழக்கம் என்னும் திறனோடு, ஒரு விசைக்கு ஒரு வடிவம் என்னும் பொறியின் தளையும் கணினிக்குள் வந்தமையின் விளைவு இது.

மறுவழியும் முயலப்பட்டது. மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985 முதல் முரசு மென்பொருளை வளர்த்தார். சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி 1995 இல் தமிழை இணையத்தில் ஏற்றினார். அவர் ஆசிரியர், சிறுகதை எழுத்தாளர். 1999 பெப்ரவரியிற் சென்னையில் நடைபெற்ற தமிழ் இணைய மாநாட்டின் பயனாகத் தமிழ்99 என்னும் விசைமுறை உருவாயிற்று. அது பொறியிடம் செல்லாமல் இலக்கணத்திடம் சென்றது. உயிரெழுத்துக்கள் இடக்கைக்கும் மெய்யெழுத்துக்கள் வலக்கைக்கும் வகுக்கப்பட்டன. ஒரே மெய்யை இருமுறை தட்டினால் முன்னதற்குப் புள்ளி தானே விழும்; ஙகரத்தின்பின் ககரமும் ஞகரத்தின்பின் சகரமும் வரின் அங்ஙனமே. இனவெழுத்து பற்றித் தொல்காப்பியம் கற்றவன் அறிந்ததைப் பொறி தானே செய்கின்றது.

இலக்கண நோக்கில் இதனினும் சிறந்த விசைமுறை இல்லை என்றே கூறலாம். எனினும் இலங்கையில் அது வேரூன்றவில்லை. எஸ்.எல்.எஸ். 1326 என்னும் இலங்கை நியமம் 2008 இல் ஏற்றுக்கொண்ட ரெங்கநாதன் விசைமுறை தட்டெழுத்து மரபையே தழுவியது. விரல்கள் வென்றன. இதனைப் பிற்போக்கு எனக் கண்டிப்பார் உளர். ஆயின், அந்நியமம் விசையைப் பழையபடியே வைத்து, சேமிக்கும் குறியை மட்டும் ஒருங்குறிக்கு மாற்றிற்று என்பதை நோக்குதல் வேண்டும். விரலறிந்த திறன் காக்கப்பட்டது. பொறியின் தளை அறுக்கப்பட்டது. முத்தையா எழுத்தைப் பகுத்ததுபோல் இங்கு பழக்கம் பகுக்கப்பட்டது.

இன்று அன்புவழிபுரம் போன்றதோர் ஊரில் அழைப்பிதழும் விளம்பரமும் அமைத்துப் பழகிய இளைஞர் ஒருவர், கைபேசிச் செயலிகளின் முகத்தை வடிவமைக்க விரும்பி, 2016 இல் பொதுப் பயன்பாட்டுக்கு வந்த பிக்மா போன்ற கருவியைத் திறந்தால் மலைப்பார். ஆயின் அவர் அறியாதது பாதிக்கும் குறைவு. இடைவெளி விடுதல், பத்தியை ஒழுங்குபடுத்தல், முதன்மையானதைப் பெரிதாக்கல், நிறங்களை அடக்கிக் கையாளல் என்பனவெல்லாம் அச்சில் உள்ளவையே. அவர் கைவிட வேண்டியது ஒன்று: தாளின் அளவு மாறாது என்னும் நம்பிக்கை. திரை சிறுக்கும், பெருக்கும், சொல்லும் அவ்வாறே. ஒரு பொத்தானில் 'சேமி' என எழுதினால் இரண்டெழுத்து. 'கடவுச்சொல்' என எழுதினால் ஆறு. ஆங்கிலச் சொல்லுக்கு அளந்து வெட்டிய பெட்டிக்குள் தமிழ்ச்சொல் நுழையாது முட்டுவதையும், மேலேறும் விசிறியும் கீழிறங்கும் உகரச் சுழியும் அடுத்த வரியோடு மோதுவதையும், எழுத்தின் அளவறிந்த அச்சுக்காரர் முதற்பார்வையிலேயே காண்பார். கருவியை மட்டும் கற்றவர் காணார். ஹாலேயில் எழுத்து வெட்டியவர் காணாதது போலவே.

பதின்மூன்று என்னும் எண்ணுக்கும் விளக்கம் தரவேண்டும். ஒருங்குறியில் அகர உயிர்மெய்யே அடிப்படை. புள்ளியும் உகரமும் விசிறியும் தனித்தனிக் குறிகள். 'பு' என்பது பகரமும் உகரக்குறியும் ஆதலால், பொறியில் ஒன்றாயிருந்தது இங்கு இரண்டாகின்றது. அப்பெயரில் 'பு' இருமுறை வருவதால் பதினொன்று பதின்மூன்றாயிற்று. கைபேசியில் அன்புவழிபுரம் என எழுதி முடித்து, பின்னழிப்பு விசையை ஒருமுறை தட்டினால், பெரும்பாலான கருவிகளில் ஈற்றிலுள்ள 'ம்' முழுமையாக மறைவதில்லை. புள்ளி மட்டும் நீங்கி, 'அன்புவழிபுரம' என, ஓலைக்கு அஞ்சிப் புள்ளியை விட்ட ஏடெழுதுவோன் நிறுத்தியவாறே அச்சொல் நிற்கும்.